பைக்குக்கு முன் கண்ணாடி: மூன்று வாங்கி ஒன்றை அறுத்த கதை

மதுரையிலிருந்து நாகர்கோவில் 240 கிலோமீட்டர் சொச்சம். மாமனார் வீடு அங்கே. மாதத்துக்கு ஒரு தடவையாவது சனிக்கிழமை விடியும் முன் கிளம்பிப் போய், ஞாயிறு சாயங்காலம் திரும்புவோம். வண்டி 350 சிசி, ஒற்றை சிலிண்டர், உருண்டை ஹெட்லைட், நிமிர்ந்து உட்காரும் வகை. இடுப்புக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் போய் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினால் அரை மணி நேரம் காதுக்குள் வண்டு ரீங்கரிக்கும். தோளிலிருந்து பிடரி வரை இறுகிப் போயிருக்கும். மாமியார் காபியோடு வந்து ஒன்று கேட்பார், நான் வேறொன்றுக்குப் பதில் சொல்வேன். மாப்பிள்ளைக்குக் காது மந்தம் என்று அந்தத் தெருவில் ஒரு பேச்சு இன்னும் இருக்கிறது.

"முன்னாடி காத்தைத் தடுக்க ஒரு கண்ணாடியைப் போட வேண்டியதுதானே" என்று எல்லோரும் சொன்னார்கள். போட்டேன். அதற்குப் பதினான்கு மாதமும் மூன்று கண்ணாடியும் ஆயின.

முதலில், கண்ணாடியே இல்லாத வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 60-ல் போகும்போது காற்று சுகம். 80-ஐத் தொட்டால் அதே காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். காற்றின் தள்ளல் வேகத்தோடு கூடவே ஏறுவதில்லை, வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 60-லிருந்து 80 என்றால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது, தள்ளல் 1.8 மடங்கு ஆகியிருக்கும். அதை எதிர்த்து ஹேண்டில்பாரைப் பிடித்துத் தொங்கியபடியே நான்கு மணி நேரம் போனால் தோள் வலிக்காமல் என்ன செய்யும்? நாலு வழிச்சாலையில் பைக்குக்கு மத்திய அரசு வைத்திருக்கும் உச்ச வரம்பு மணிக்கு 80 கி.மீ. நமக்கு வேண்டியது 80-ல் வேலை செய்கிற கண்ணாடி. வெளிநாட்டுக்காரர்கள் 130-ல் ஓட்டிப் பார்த்து எழுதுவதைப் படித்துவிட்டு அதே அளவில் வாங்க ஓட வேண்டாம். நான் ஓடினேன், அது அப்புறம் வரும்.

முதல் கண்ணாடி 900 ரூபாய். புகை நிறம், 25 செ.மீ. உயரம், ஹெட்லைட்டை ஒட்டிக் கிட்டத்தட்ட நேராக நிற்கும். உண்மையைச் சொன்னால், அழகுக்காக வாங்கியது. திருநெல்வேலி தாண்டியதும் நெஞ்சில் தள்ளல் குறைந்திருப்பது தெரிந்தது, சந்தோஷம். ஆனால் ஹெல்மெட் கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்தது. முன்பு 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரே சீராக இருந்த சத்தம் இப்போது தகர ஷெட்டில் மழை பெய்கிற மாதிரி ஆகிவிட்டது. நாங்குநேரியில் டீக்கு நிறுத்தும்போது கண்ணில் படுவதெல்லாம் இரண்டாகத் தெரிந்தது. கண்ணாடி போட்டதும் நிலைமை முன்பைவிட மோசமாகும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

ஏன் என்று புரிய, வைகையில் தண்ணீர் திறந்துவிடும் நாளில் ஏ.வி. பாலத்தின் மேல் நின்று தூண்களைப் பாருங்கள். தூணுக்கு மேல்புறம் தண்ணீர் அமைதியாக வரும். தூணைத் தாண்டிய இடத்தில் சுழி சுழியாகக் கிளம்பும். சுழிகள் தூணின் ஓரத்தில் சின்னதாகப் பிறந்து, போகப் போகப் பெரிதாகும். கண்ணாடியின் மேல் விளிம்பிலும் அதேதான் நடக்கிறது. விளிம்பைத் தாண்டும் வேகக் காற்றுக்கும் கண்ணாடிக்குப் பின்னால் தேங்கி நிற்கும் காற்றுக்கும் இடையில் ஒரு கலங்கல் பட்டை உருவாகிறது. விளிம்பில் அது ஒரு விரல் தடிமன்கூட இருக்காது. பின்னால் வர வர அகலும். உங்கள் தலை அந்தப் பட்டைக்குள் இருந்தால் உலுக்கல். பட்டைக்கு மேலே இருந்தால் வெறும் காற்று, கீழே இருந்தால் அமைதி. கண்ணாடியே இல்லாதபோது என் ஹெல்மெட் தெளிந்த காற்றில் இருந்தது. 900 ரூபாய் கொடுத்து அதை நானே கலங்கலுக்குள் கொண்டுபோய் வைத்தேன்.

இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அன்றைக்கு எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: கண்ணாடி போதவில்லை, இன்னும் பெரிதாக வேண்டும்.

இரண்டாவது அப்படித்தான் வந்தது. 3,200 ரூபாய், பாலிகார்பனேட், 55 செ.மீ. உயரம், ஹேண்டில்பார் குழாயில் இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்குவது. மாட்டிவிட்டுப் பார்த்தால் வண்டிக்கு ஆட்டோ முகம் வந்திருந்தது. எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "வைப்பரும் வச்சிரலாமா தம்பி?" என்றார்.

நெஞ்சுக்கும் தோளுக்கும் அது சொர்க்கம்தான், மறுக்கவில்லை. சட்டைப் பட்டன்கூட அசையாது. ஆனால் கலங்கல் இப்போது நெற்றியில் அடித்தது. தலை மேலும் கீழுமாக ஆடியது. இன்னொரு விசித்திரம், யாரோ முதுகில் கை வைத்து முன்னால் தள்ளுகிற உணர்வு. பெரிய கண்ணாடிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவை நிரப்பப் பின்பக்கத்திலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் காற்று வந்து விழுகிறது. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவிக்கு என்னைவிட மோசம். "எங்கேருந்துதான் காத்து வருதுன்னே தெரியலைங்க, நாலு பக்கமும் அறையுது" என்றாள்.

ஆடி மாதம் கயத்தாறு பக்கம் ஓட்டியவர்களுக்குத் தெரியும், மேற்கே செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று சாலையைக் குறுக்கே வெட்டும். அங்கே காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. அத்தனை பெரிய தட்டு ஹேண்டில்பாரில் மாட்டியிருந்தால் காற்று தட்டைத் தள்ளும், தட்டு ஹேண்டிலைத் திருப்பும். ஆம்னி பஸ் ஒன்று முந்திக்கொண்டு போனபோது வண்டி ஒரு முழம் நகர்ந்தது. அன்றைக்கு 60-க்கு மேல் போகவில்லை. அப்புறம் ஒரு மழை இரவு. கண்ணாடியின் விளிம்பு என் கண்ணுக்கு மேலே இருந்ததால் அதன் ஊடாகத்தான் சாலையைப் பார்க்க வேண்டும். எதிர் லாரியின் ஹைபீம் ஈரக் கண்ணாடியில் பட்டதும் எதிரே வெள்ளையாக ஒன்றும் இல்லாமல் ஆகிவிட்டது. ஹெல்மெட் வைசரை விரலால் துடைக்கலாம், கண்ணாடியின் வெளிப்பக்கத்தை ஓடும் வண்டியில் எப்படித் துடைப்பது? கோவில்பட்டி வரை ஓரமாக உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன். விளிம்பின் மேலாகப் பார்க்க வேண்டும், ஊடாகப் பார்க்கக் கூடாது. இந்த ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அந்தக் கண்ணாடி செத்தது என் முட்டாள்தனத்தால். போல்ட் அதிர்வில் தளர்கிறதே என்று நீல நிற திரெட்லாக் திரவத்தைத் தாராளமாக விட்டு இறுக்கினேன். இரண்டே வாரத்தில் நான்கு துளைகளைச் சுற்றியும் சிலந்தி வலை மாதிரி நுண்ணிய விரிசல்கள். அந்தத் திரவம் உலோகத்துக்கானது. பாலிகார்பனேட், அக்ரிலிக் இரண்டுமே அது பட்டால், அதுவும் இறுக்கத்தில் இருக்கும்போது பட்டால், வெடிப்பு விடும். பெட்ரோல் பட்டாலும் இந்தக் கதிதான். ஜன்னல் துடைக்கும் அம்மோனியா கலந்த திரவமும் ஆகாது. இப்போது நைலாக் நட் போடுகிறேன், உள்ளே நைலான் வளையம் இருப்பதால் திரவம் எதுவும் தேவையில்லை.

இந்த இடத்தில் கடைக்கு ஓடுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் யோசித்தேன். மூன்றாவதை வாங்கும் முன் கலங்கல் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட முடிவு செய்தேன். மகள் பள்ளிக் கைவேலைக்கு வாங்கி வைத்திருந்த சிவப்பு உல்லன் நூலை ஏழு செ.மீ. துண்டுகளாக வெட்டி, ஒரு முனையை மட்டும் டேப்பால் ஒட்டினேன். ஹெல்மெட்டின் இரண்டு பக்கமும், தோளில், ஜாக்கெட் மார்பில், கண்ணாடியின் உள்பக்கம் எல்லாம் நூல். விரிசல் விட்ட பழைய கண்ணாடியைக் கடைசியாக ஒரு முறை, பெரிய வாஷர் கொடுத்து மாட்டினேன். மச்சான் அவன் வண்டியில் பக்கத்தில் வர, பின்னால் உட்கார்ந்த அவன் நண்பன் போனில் படம் எடுத்தான். வள்ளியூர் தாண்டி ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, வண்டி இல்லாத நேரத்தில். டீக்கடையில் நின்றவர்கள் எங்களை ஏதோ நேர்த்திக்கடன் கோஷ்டி என்று நினைத்திருப்பார்கள்.

படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது எல்லாம் விளங்கியது. தெளிந்த காற்றில் இருக்கும் நூல் பின்னோக்கி நீட்டியபடி நிற்கும். கலங்கலில் இருக்கும் நூல் சுழலும், துடிக்கும். பெரிய கண்ணாடி மாட்டியபோது மார்பில் ஒட்டிய நூல்கள் முன்பக்கமாகப் பறந்தன! காற்று என் முதுகிலிருந்து கண்ணாடியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. பழைய சின்னக் கண்ணாடியையும் மாட்டிப் பார்த்தோம். தோளில் நூல் அமைதி, தாடைக்குப் பக்கத்தில் ஒரே ஆட்டம்.

நூல் இல்லாமலும் பார்க்கலாம். காலியான நேர்ச்சாலையில் ஃபுட்ரெஸ்ட்டில் ஊன்றி ஒரு கை அளவு எழுந்திருங்கள். சத்தம் சட்டென்று சீரானால் கலங்கல் உங்கள் தலைக்குக் கீழே போய்விட்டது என்று பொருள். அதே மாதிரி குனிந்தும் பாருங்கள். எழுந்தால் நன்றாக இருக்கிறதா, குனிந்தால் நன்றாக இருக்கிறதா என்பதிலேயே கண்ணாடியைக் குறைக்க வேண்டுமா கூட்ட வேண்டுமா என்பதற்குப் பாதி பதில் கிடைத்துவிடும். என் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். எனக்கு ஒத்து வந்த கண்ணாடி ஐந்தடி நாலு அங்குலக்காரருக்கு ஒத்து வராது. ஒரே வண்டி வைத்திருக்கும் இருவர் ஒரே கண்ணாடியைப் பற்றி நேர்மாறாகச் சொல்வது இதனால்தான், இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

மூன்றாவது கண்ணாடிக்கு நான் தேடியது மூன்று விஷயம். மேல் விளிம்பு எனக்குக் கிட்டத்தில் இருக்க வேண்டும். கலங்கல் விளிம்பிலிருந்து தள்ளிப் போகப் போக அகலும் அல்லவா, அப்படியானால் கிட்டத்தில் பிறந்தால் என்மேல் படும்போது மெல்லிசாகவே இருக்கும். அதற்குக் கண்ணாடி என்னை நோக்கிச் சாய வேண்டும், ஆகவே சாய்வை மாற்றக்கூடிய பிராக்கெட். இரண்டாவது, கண்ணாடியின் அடியில் ஹெட்லைட்டுக்கு மேலே ஒரு இடைவெளி. அதன் வழியாகக் கொஞ்சம் காற்று உள்ளே வந்தால் பின்னால் அழுத்தம் அவ்வளவு குறையாது, முதுகைத் தள்ளும் காற்று அடங்கும். காற்றை மறைக்க வாங்கும் சாமானில் வேண்டுமென்றே ஓட்டை விடுவதா என்று மெக்கானிக் அண்ணன் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. மூன்றாவது, அறுக்கக்கூடிய பொருள். அக்ரிலிக் சீக்கிரம் கீறாது, வெயிலில் மஞ்சளாகாது, ஆனால் கல் பட்டால் துண்டு துண்டாக உடையும். பாலிகார்பனேட் உடையாது, ஆனால் மேல் பூச்சு இல்லாவிட்டால் கீறலும் மஞ்சளும் சீக்கிரம் வரும். முகத்துக்கு நேரே இருக்கும் சாமான், உடையாததே போதும் என்று பூச்சுள்ள பாலிகார்பனேட் எடுத்தேன். நாலு மி.மீ. தடிமன், 48 செ.மீ., 2,600 ரூபாய். பெயர்ப் பலகைக் கடையில் அக்ரிலிக்கைச் சூடு காட்டி வளைத்துத் தருவார்கள், பாதி விலைதான். மாதிரி செய்து பார்க்க அது நல்ல வழி. அதை நம்பி ஊர் போய்ச் சேர எனக்குத் தைரியமில்லை.

48 செ.மீ. அதிகம் என்று தெரிந்தேதான் வாங்கினேன். பிராக்கெட்டில் நீளத் துளை இருந்ததால் முதலில் அறுக்காமலேயே நாலு செ.மீ. இறக்கி ஓட்டிப் பார்த்தேன். கலங்கல் கண்ணிலிருந்து மூக்குக்கு இறங்கியது. சரி, திசை சரிதான். ஆனால் இறக்கினால் அடியில் உள்ள இடைவெளி மூடிக்கொள்கிறது. ஆக அறுப்பதுதான் வழி.

தச்சு வேலை செய்யும் நண்பரிடம் ஜிக்சா என்கிற மின் ரம்பம் இருந்தது. இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, அட்டையில் பழைய விளிம்பின் வளைவைப் படி எடுத்து, மூன்று செ.மீ. கீழே கோடு போட்டோம். பல் நெருக்கமான பிளேடு, மெதுவான வேகம். வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகி, அறுத்த வழியே பின்னால் ஒட்டிக்கொள்ளும், முதல் ஐந்து செ.மீ.யில் அப்படித்தான் ஆனது. கண்ணாடி அதிராமல் இருக்கக் கோட்டுக்குப் பக்கத்திலேயே பலகை கொடுத்துக் கவ்வ வேண்டும். அறுத்த பின் அரம், அப்புறம் 220, 400, 800 என்று தண்ணீர் பேப்பர். அக்ரிலிக் என்றால் விளிம்பை நெருப்பு காட்டிப் பளபளப்பாக்குவார்கள். பாலிகார்பனேட்டில் அதைச் செய்யாதீர்கள், குமிழி விட்டுக் கருகும்.

மூன்று செ.மீ. அறுத்து, ஒரு நாகர்கோவில் பயணம். இன்னும் மூன்று, இன்னொரு பயணம். நண்பருக்குப் பொறுமை போய்விட்டது. "ஒரேயடியா பத்து எடுத்துருவோம்யா, எத்தனை தடவை வருவே?" என்றார். எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாதே. மூன்றாம் முறை மூன்று எடுத்து 39 செ.மீ.யில் நின்றது. சாய்வை இரண்டு படி பின்னால் தள்ளினேன். விளிம்பு இப்போது பழைய சின்னக் கண்ணாடியின் விளிம்பைவிடக் கொஞ்சம்தான் உயரம், ஆனால் ஒரு சாணுக்கும் மேலாக எனக்குக் கிட்டத்தில். அடியில் ஐந்து செ.மீ. இடைவெளி. துளைகளை போல்ட்டைவிட ஒன்றரை மி.மீ. பெரிதாக்கி ரப்பர் வளையம் கொடுத்தேன், வெயிலில் பிளாஸ்டிக் விரிய இடம் வேண்டும். விளிம்பில் கார் கதவுக்குப் போடும் ரப்பர் பீடிங். நட்டை விரல் இறுக்கத்துக்கு மேல் அரைச் சுற்று, அவ்வளவுதான்.

பரீட்சை முப்பந்தலில். காவல்கிணறிலிருந்து ஆரல்வாய்மொழி நோக்கித் திரும்பிவிட்டால் ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று நேர் எதிரே வரும். நாட்டின் மிகப் பெரிய காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று அங்கே இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். காற்று 35 கி.மீ. வேகத்தில் எதிரே வந்தால், மீட்டரில் 80 காட்டும்போது உங்கள் மேல் படுவது 115. தள்ளல் இரண்டு மடங்கு. திரும்பி வரும்போது அதே காற்று முதுகுப் பக்கம், அப்போது படுவது 45 மட்டும். எந்தக் கண்ணாடியும் அந்தத் திசையில் பிரமாதமாகத்தான் தெரியும். என் முதல் கண்ணாடியைக் கடையில் சிபாரிசு செய்தவர் அப்படி எங்கேயாவது ஓட்டிப் பார்த்திருப்பார். எனவே ஒரே சாலையில் போகவும் வரவும் ஓட்டிப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இசக்கியம்மன் கோவிலில் நிறுத்தி, கும்பிட்டுவிட்டு, மறுபடி நூல்களை ஒட்டிக்கொண்டு கிளம்பினேன். தோளில் ஒட்டிய நூல் லேசாகத் துடித்தது. ஹெல்மெட்டில் ஒட்டியது பின்னோக்கி நேராக நீட்டி நின்றது. நெஞ்சின் மேல்பகுதியில் கொஞ்சம் காற்று படுகிறது, படட்டும். ஹெல்மெட்டில் பழைய 'ஸ்ஸ்ஸ்' திரும்பி வந்தது, கண்ணாடியே இல்லாத நாளில் கேட்ட அதே சீரான சத்தம். உலுக்கல் இல்லை. குறுக்குக் காற்றில் ஆட்டம் முழுவதும் போகவில்லை. உருண்டை ஹெட்லைட் வண்டியில் எங்கே மாட்டினாலும் கண்ணாடி ஹேண்டிலோடு சேர்ந்துதான் திரும்பும், தட்டின் பரப்பைக் குறைப்பது தவிர வழியில்லை. ஆனால் கயத்தாற்றில் 60-க்கு இறங்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை.

சத்தம் தனி விஷயம். அதை எந்தக் கண்ணாடியும் தீர்க்காது. 80 கி.மீ.யிலேயே ஹெல்மெட்டுக்குள் 90 டெசிபலை ஒட்டி இரைச்சல் இருக்கும். வேலையிடங்களுக்கு அமெரிக்காவின் நையாஷ் (NIOSH) என்ற தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைப்பது 85 டெசிபலில் எட்டு மணி நேரம், ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 91 என்றால் இரண்டு மணி நேரம். நாகர்கோவிலுக்குப் போய்ச் சேரவே எனக்கு நான்கரை மணி ஆகிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு மாதிரியான இயர் பிளக்கை உருட்டிக் காதில் வைத்துக்கொள்கிறேன். ஹாரன் கேட்கிறது, லாரி கேட்கிறது. இத்தனை கண்ணாடிக்குச் செலவழித்ததில் பாதி நிம்மதியை அது ஐம்பது ரூபாய்க்குக் கொடுத்தது, முதல் நாளே வாங்கியிருக்கலாம்.

பூச்சி காய்ந்து ஒட்டியிருந்தால் தேய்க்காதீர்கள். ஈரத் துணியைப் பத்து நிமிடம் போர்த்திவைத்து, சோப்புத் தண்ணீரில் தானாக ஊறி வர விடுங்கள். பெட்ரோல் பங்கில் கார் கண்ணாடி துடைக்க வைத்திருக்கும் துணியால் யாராவது அன்பாகத் துடைக்க வந்தாலும் கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள். அதில் மணல் இருக்கும்.

சித்திரை, வைகாசியில் கண்ணாடியைக் கழற்றிவிடுகிறேன். விருதுநகர், சாத்தூர் வெயிலில் நெஞ்சில் காற்று படாமல் மத்தியானம் ஓட்டிப் பாருங்கள், எஞ்சின் சூடும் சேர்ந்து மேலே வரும்போது தோள்வலியே தேவலை என்று தோன்றும். நான்கு போல்ட், பத்து நிமிட வேலை. இந்த வருஷமும் கழற்றிப் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் போட்டிருக்கிறேன். ஆனி பிறந்ததும் எடுக்க வேண்டும். பின்சீட்டுக்காரிக்கு இன்னும் ஒரு குறை பாக்கி இருக்கிறது, இடது காது பக்கம் மட்டும் காற்று அடிக்கிறதாம். மாட்டும்போது கண்ணாடி ஒரு நூல் கோணலாகிவிட்டதா, இல்லை இடது பக்க மிரர் கம்பிதான் காரணமா என்று நூலை ஒட்டிப் பார்க்க வேண்டும். மகளின் உல்லன் உருண்டையில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.